போதிய நாள்களோடு புறப்படுங்கள்
கோய்ச்சா லா பாதையில் நடக்கத் திட்டமிடும் தமிழ்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி மலையேற்ற மன்றங்களுக்கும், அலுவலக நண்பர் குழுக்களுக்கும், முதன்முறையாக இமயமலையில் நடக்கப் போகும் அனைவருக்கும்,



கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா சிக்கிமின் வடமேற்கில், நேபாளத்தையும் திபெத்தையும் தொட்டுக்கொண்டு 1,784 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது. 1977-இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இயற்கைச் சிறப்பு, பண்பாட்டுச் சிறப்பு இரண்டுக்காகவும் ஒருசேர ஏற்கப்பட்ட முதல் இந்தியக் களம் இதுதான். கடல்மட்டத்திலிருந்து 1,220 மீட்டரில் தொடங்கும் இந்த நிலம், உலகின் மூன்றாவது உயரமான சிகரமாகிய கஞ்சன்ஜங்காவின் 8,586 மீட்டரில் போய் முடிகிறது. கீழே அடர்ந்த ஈரக் காடு, மேலே உருகாத பனியாறு. இரண்டையும் சில நாள் நடையிலேயே பார்த்துவிடலாம் என்பதுதான் இந்தப் பூங்காவின் ஈர்ப்பு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

பூங்காவுக்குள் வெளியூர்க்காரர்கள் அதிகம் நடக்கும் பாதை, யுக்சம் ஊரிலிருந்து ஜோங்ரி வழியாகக் கோய்ச்சா லா கணவாயை நோக்கிச் செல்வது. போய்வர ஏறத்தாழ 90 கி.மீ. யுக்சத்தைத் தாண்டினால் வண்டிச்சாலை இல்லை, மருந்துக்கடை இல்லை, மருத்துவமனை இல்லை. அங்கே தேவைப்படக்கூடிய ஒவ்வொன்றும் புறப்படும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த முடிவுகளில் தலையாயது பையையோ காலணியையோ பற்றியதன்று; நாள்களைப் பற்றியது. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் குழுக்கள் விடுப்புக்கு ஏற்றபடி பயணத்தைச் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது ஓய்வு நாள். உடலைக் காப்பதும் அந்த ஓய்வு நாள்தான்.

பாதையும் உயரமும்

யுக்சம் சுமார் 1,780 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1642-இல் சிக்கிமின் முதல் மன்னர் முடிசூட்டப்பட்டது இந்த ஊரில்தான். இங்கிருந்து முதல் நாள் நடை காட்டுக்குள் ஏறி இறங்கிச் சுமார் 2,200 மீட்டரிலுள்ள சாச்சென் முகாமை அடைகிறது. இரண்டாம் நாள் பிரேக் சூ ஆற்றைக் கடந்து, பக்கிம் வழியாகச் செங்குத்தாக ஏறி, ஏறத்தாழ 3,000 மீட்டரிலுள்ள சோக்காவில் முடிகிறது. சோக்கா, திபெத்திய அகதிகள் குடியேறிய சிற்றூர்.

சோக்காவுக்கு மேலே ரோடோடென்ட்ரான் காடு தொடங்குகிறது. மரக்கட்டைகள் பதித்த பாதை அதனூடே ஏறி ஃபெடாங் என்ற திறந்தவெளியை அடைந்து, பிறகு சுமார் 4,000 மீட்டரிலுள்ள ஜோங்ரி புல்வெளிக்குச் செல்கிறது. ஜோங்ரியிலிருந்து பாதை கோக்சுரங் வரை இறங்கி, ஆற்றைக் கடந்து, 3,900 மீட்டரை ஒட்டியுள்ள தன்சிங்குக்கு ஏறுகிறது. அடுத்த முகாம் லமுனே, சுமார் 4,200 மீட்டர். அங்கிருந்து விடியலுக்கு முன் கிளம்பி, சமிதி ஏரியைக் கடந்து, ஏறத்தாழ 4,600 மீட்டரிலுள்ள முதல் காட்சிமுனையை அடைவார்கள். கணவாய் அதற்கும் அப்பால், 4,900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான குழுக்கள் முதல் காட்சிமுனையிலேயே திரும்புகின்றன. கஞ்சன்ஜங்காவும் 6,691 மீட்டர் உயரப் பாண்டிமும் அங்கிருந்தே தெளிவாகத் தெரியும்.

நடைக்கு ஏற்ற பருவம் இரண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். ஆனால் பிற்பகலில் மேகம் மூடும், மழையோ பனியோ விழும். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும், குளிர் கடுமையாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். அப்போது கீழ்க்காட்டில் அட்டை மிகுதி, சாலைகளில் மண்சரிவு மிகுதி. சிக்கிம் நாட்டின் கிழக்கில் இருப்பதால் அங்கே பொழுது சீக்கிரமே சாய்ந்துவிடும். நவம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. சென்னையின் மாலைப் பொழுதை மனத்தில் வைத்து நடைநேரத்தைக் கணக்கிடும் குழுவுக்குக் கடைசி ஒரு மணி நேரம் இருட்டில் நடக்க நேரிடும்.

நாள் கணக்கு

மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் அளவு குறைகிறது. 4,600 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு ஆழமாகும், சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும், நாளடைவில் சிவப்பணுக்கள் பெருகும். இவை எல்லாம் நாள்கணக்கில் நடக்கும் வேலைகள். மனவுறுதியாலோ உடற்பயிற்சியாலோ இவற்றை விரைவுபடுத்த முடியாது.

மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட விதி ஒன்று உண்டு: 3,000 மீட்டருக்கு மேல், இரவில் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும். பகலில் அதைவிட உயரம் போய்விட்டுக் கீழே வந்து உறங்குவதில் தவறில்லை. உறங்கும் உயரமே கணக்கு.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் கோய்ச்சா லா பாதையின் பலவீனமான இடம் உடனே தெரிந்துவிடும். சோக்காவிலிருந்து ஜோங்ரிக்கு ஒரே நாளில் உறங்கும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் கூடுகிறது. விதி சொல்வதைப் போல இது இரு மடங்கு. நடுவில் வழக்கமான முகாம் இல்லாததால் வழக்கமான திட்டங்கள் இப்படித்தான் அமைகின்றன. அதனால்தான் முதல் நாள்களில் உற்சாகமாக நடந்தவர் பலருக்கு ஜோங்ரியில் தலைவலியும் குமட்டலும் தொடங்குகின்றன.

இதற்குத் தீர்வு இரண்டு நாள். ஒன்று சோக்காவில். இரண்டாம் இரவும் அங்கேயே தங்கி, பகலில் ஃபெடாங் வரை ஏறிவிட்டுத் திரும்ப வேண்டும். மற்றொன்று ஜோங்ரியில். அங்கும் இரண்டு இரவு தங்கி, இடையில் அருகிலுள்ள மேட்டுக்கு ஏறி இறங்க வேண்டும். ஜோங்ரி நாளைப் பல திட்டங்கள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. சோக்கா நாளைத்தான் குழு கேட்டுப் பெற வேண்டும். இப்படி அமைத்தால் நடை இவ்வாறு இருக்கும்: சாச்சென், சோக்கா, சோக்காவில் ஓய்வு, ஜோங்ரி, ஜோங்ரியில் ஓய்வு, தன்சிங், லமுனே, காட்சிமுனை போய்த் தன்சிங் அல்லது கோக்சுரங் திரும்புதல், சோக்கா, யுக்சம். மொத்தம் 10 நாள். மோசமான வானிலைக்கோ, ஒருவருடைய உடல்நிலைக்கோ கையிருப்பாக இன்னொரு நாள் சேர்த்தால் 11.

போக்குவரத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். சென்னையிலிருந்து ரயிலில் நியூ ஜல்பாய்குரி சேர ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். விமானத்தில் பாக்டோக்ரா வரை செல்லலாம். இரண்டு இடத்திலிருந்தும் யுக்சத்துக்கு ஜீப்பில் ஒரு பகல் முழுக்கப் பயணம். மலைச்சாலைகள் மழைக்குத் துண்டிக்கப்படுவது அங்கே அபூர்வமல்ல. 2023 அக்டோபர் 4 அன்று தெற்கு லோனாக் பனியேரி உடைந்து தீஸ்தா ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது தேசிய நெடுஞ்சாலை 10 பல இடங்களில் சிதைந்தது. திரும்பும் விமானத்தை யுக்சம் வந்துசேரும் நாளின் மறுநாளே பதிவு செய்த குழு, மலையில் நோயாளி ஒருவரை இறக்க வேண்டிய நேரத்திலும் பயணச்சீட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்.

உயர நோயை அறிதல்

உயரத்தால் வரும் நோய் மூன்று வடிவங்களில் தோன்றுகிறது. முதல் வடிவம் பொதுவானது: தலைவலியோடு பசியின்மை, குமட்டல், மிகுந்த சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேர்ந்து வரும். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை உயர நோய் என்றே கொள்வது பாதுகாப்பு. இந்த நிலையில் மேலே ஏறக்கூடாது. அதே உயரத்தில் தங்கி, நீர் அருந்தி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் குறைந்துவிடும். குறையாவிட்டால் இறங்க வேண்டும்.

மற்ற இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. நுரையீரலில் நீர் கோத்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, உதடும் நகமும் நீலம் பாயும், முற்றினால் சளியில் இளஞ்சிவப்பு நுரை வரும். மூளையில் வீக்கம் ஏற்பட்டால், நடை தள்ளாடும், பேச்சு குழறும், நடத்தை மாறும். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வது எளிய சோதனை. அப்படி நடக்க முடியாதவரை அந்த நேரமே கீழே இறக்க வேண்டும், இரவானாலும் மழையானாலும். ஆக்சிஜனும் மருந்தும் நேரம் வாங்கித் தரும்; நோயை மாற்றுவது இறக்கம்தான்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதைச் சற்று விரைவுபடுத்துகிறது. அதை எடுப்பதா, எவ்வளவு எடுப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்; சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மாத்திரை எடுத்தவருக்கும் ஓய்வு நாள் தேவை. மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சை மந்தமாக்குவதால் உயரத்தில் தவிர்க்க வேண்டியவை.

இளைஞர்கள், விளையாட்டு வீரர்கள், தினமும் ஓடுகிறவர்கள் ஆகியோருக்கு இந்நோய் வராது என்ற நம்பிக்கை தவறு. உடல்திறன் மிக்கவர் வேகமாக ஏறுவார்; வேகமாக ஏறுவதாலேயே நோய்க்கு ஆளாகலாம். அறிகுறியை மறைப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. மற்றவர் பயணம் தன்னால் கெடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் தலைவலியைச் சொல்லாமல் இருப்பவர் எந்தக் குழுவிலும் இருப்பார். இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரிடமும் தலைவலி, பசி, தூக்கம் மூன்றையும் பெயர்சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் மறைக்க இடமிருக்காது.

உடலைத் தயார்செய்தல்

பயிற்சி உயர நோயைத் தடுக்காது என்றாலும், சோர்வையும் மூட்டுவலியையும் கால் இடறுவதையும் வெகுவாகக் குறைக்கும். மூன்று மாதப் பயிற்சி பொதுவாகப் போதுமானது. வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேர விரைவு நடையோ மெல்லோட்டமோ, இரண்டு நாள் மாடிப்படி ஏற்றமும் கால் தசைப் பயிற்சியும் என்று தொடங்கி, இரண்டாம் மாதத்திலிருந்து முதுகில் பையோடு ஏற வேண்டும். முதலில் 4 கிலோ, பிறகு படிப்படியாக 8 அல்லது 10 கிலோ. இறங்குவதையும் பயிலாமல் விடக்கூடாது. தொடைத் தசையை அதிகம் நோகச் செய்வது இறக்கமே. ஒன்பதாம் நாளில் இறங்கும்போது கால் நடுங்குவது ஏறுவதை மட்டும் பயின்றவர்களுக்குத்தான்.

தமிழகத்தில் இதற்கு நல்ல இடங்கள் உள்ளன. பருவ காலத்தில் கோவை வெள்ளியங்கிரியும், திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையும் நீண்ட ஏற்ற இறக்கத்தைத் தருகின்றன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின்கீழ் 40 வழித்தடங்களை முறையான அனுமதியோடும் வழிகாட்டியோடும் திறந்தது. அடுத்தடுத்த இரண்டு நாள் பையோடு நடந்து பார்க்கும் குழுவுக்கு இரண்டு செய்திகள் தெரிந்துவிடும்: எவருடைய காலணி கடிக்கிறது, எவருடைய வேகம் மிகக் குறைவு. மெதுவாக நடப்பவரின் வேகமே மலையில் குழுவின் வேகம்.

இதயநோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்கள் திட்டமிடும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தசோகையும் கவனிக்கப்பட வேண்டியது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில், அதைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் குறைவாக இருந்தால் உடல் இரட்டிப்பாகத் தவிக்கும். மூன்று மாதம் முன்பே சோதித்தால் சிகிச்சைக்கு நேரம் இருக்கும்.

அனுமதி

பூங்காவுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். யுக்சத்தில் காவல் பதிவும் உண்டு. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நடக்க முடியாது. அடையாள ஆவணத்தின் அசலும் பல நகல்களும், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களும் தேவைப்படும். எந்த ஆவணம் ஏற்கப்படும் என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்குக் கூடுதல் விதிகள் உண்டு: சிக்கிமுக்குள் நுழையவும், இந்தப் பாதையில் நடக்கவும் தனித்தனி அனுமதி வேண்டும், குறைந்தது இருவராக, பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

அனுமதி என்பது சடங்கன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எத்தனை பேர், எந்தப் பாதையில், எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்பது அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது மீட்பின் முதல் படி என்பதைத் தமிழகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

உடை, படுக்கை, சுமை

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். யுக்சத்துக்கும் காட்சிமுனைக்கும் இடையே சுமார் 2,800 மீட்டர் வேறுபாடு. அதாவது ஏறத்தாழ 18 டிகிரி. இரவுக் குளிரும் காற்றும் இதற்கு மேல். லமுனேயில் இரவில் நீர் உறைந்துவிடும்.

உடையை மூன்று அடுக்காக அமைப்பது நடைமுறைக்கு ஏற்றது. உடலை ஒட்டிய உடை வியர்வையை வெளியேற்றும் பாலியஸ்டராகவோ மெல்லிய கம்பளியாகவோ இருக்க வேண்டும். நடு அடுக்கு வெப்பத்தைத் தேக்கும் ஃபிளீஸ் அல்லது இறகுச் சட்டை. வெளி அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்கும் மேலுடை. பருத்தி நனைந்தால் எளிதில் உலராது, உடல் சூட்டையும் இழக்கச் செய்யும். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் யுக்சத்து விடுதியிலேயே இருக்கட்டும். உறங்குவதற்கென்று ஒரு சோடி உடையும் காலுறையும் உலர்ந்தபடியே தனிப் பையில் இருக்க வேண்டும். காது மூடும் குல்லா, இரண்டு அடுக்குக் கையுறை, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஆகிய மூன்றும் கட்டாயம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர் 10 சதவீதத்துக்குக் குறையாமல் கூடுகிறது. தரையில் பனி இருந்தால் அது எதிரொளித்துக் கண்ணைப் புண்ணாக்கும்.

காலணி கணுக்காலைப் பிடிக்கும் உயரமும், வழுக்காத அடிப்பாகமும் உடையதாக, குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் அதில் அச்சிட்ட இரு வெப்ப எண்களையும் பார்க்க வேண்டும். ஒன்று வசதியாக உறங்கக்கூடிய அளவு, மற்றொன்று தாங்கக்கூடிய எல்லை. முதல் எண்ணே கணக்கு. இந்தப் பாதைக்கு அது மைனஸ் 10 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. அடியில் விரிக்கும் பாயும் அதே அளவு முக்கியம். உடல் எடையில் நசுங்கும் அடிப்பக்கத்து இறகு குளிரைத் தடுக்காது. தரைக் குளிரைத் தடுப்பது பாய்தான்.

கூடாரமும் சமையல் பொருளும் யாக் அல்லது யாக்-பசு கலப்பின மாடுகளின் முதுகில் செல்வதே இந்தப் பாதையின் வழக்கம். எனவே நடப்பவரின் பையில் அன்றைய தேவைகள் மட்டும் இருந்தால் போதும். முழுச் சுமையையும் தாமே தூக்க விரும்புகிறவர் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கனமானவை முதுகை ஒட்டி நடுவில், படுக்கை அடியில், மழைச்சட்டையும் முதலுதவிப் பையும் மேலே. இடுப்புப் பட்டை இறுக்கமாக இருந்தால் எடையின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். மழை உறையை மட்டும் நம்பாமல், பைக்குள்ளேயும் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையிட்டு அதற்குள் உடைகளை வைப்பது கிழக்கு இமயத்தின் ஈரத்துக்கு அவசியம்.

உணவும் நீரும்

உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஜோங்ரியில் சுமார் 87 டிகிரியிலேயே கொதி வரும். திறந்த பாத்திரத்தில் அரிசி விறைத்து நிற்கும், பருப்பு வேகவே வேகாது. குக்கர் இருப்பதைச் சமையல்காரரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். உயரத்தில் பசி மந்தமாகும். ஆனால் நடக்கும் நாள்களில் உடலுக்கு 3,000 கலோரிக்கு மேல் தேவைப்படும். பழகிய சுவை இந்த இடைவெளியை நிரப்பும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போன்றவை எடை குறைந்தவை, கெடாதவை, இரண்டு கவளம் கூடுதலாக உண்ண வைப்பவை. அவலும் சத்துமாவும் வெந்நீர் இருந்தாலே உணவாகிவிடும். கடலை மிட்டாய், பேரீச்சை, வறுத்த வேர்க்கடலை ஆகியவற்றை நடக்கும்போதே மணிக்கொருமுறை உண்ணலாம்.

நீர் நாளுக்கு 3 லிட்டராவது வேண்டும். ஓடைநீர் கண்ணாடிபோலத் தெரிந்தாலும் மேலே கால்நடை மேய்கிறது. 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும், அல்லது குளோரின் மாத்திரை இட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். சிக்கிமில் 2022 ஜனவரி முதல் பிளாஸ்டிக் புட்டிகளில் அடைத்த குடிநீருக்குத் தடை இருப்பதால், ஒவ்வொருவரும் இரண்டு உறுதியான குடுவைகளை ஊரிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும். பூங்காவில் விறகு எரிப்பதற்குத் தடை உண்டு; சமையல் எரிவாயுவிலோ மண்ணெண்ணெயிலோ நடக்கும். எரிவாயுக் குப்பிகளை விமானத்திலும் ரயிலிலும் எடுத்துச் செல்லக்கூடாது. பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் இருக்க வேண்டும். குளிரில் மின்கலம் வேகமாக வற்றும் என்பதால் இரவில் அதையும் கைபேசியையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்வது வழக்கம்.

தொடர்பும் மீட்பும்

யுக்சத்துக்கு அப்பால் கைபேசி அலைவரிசையை நம்பித் திட்டமிடக்கூடாது. செயற்கைக்கோள் தொலைபேசியையும் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியையும் உரிய உரிமமின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்கள் அங்கே இயல்பாகப் பயன்படுத்தும் கருவியானாலும் இதே நிலைதான். எனவே பழைய முறையே கைகொடுக்கும்: நாள்வாரித் திட்டம், குழுவினரின் பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, வழிகாட்டியின் எண், திரும்பும் நாள் ஆகியவை எழுதிய தாள் ஒன்று வீட்டில் ஒருவரிடமும், இன்னொன்று யுக்சத்திலும் இருக்க வேண்டும். எந்த நாளைத் தாண்டியும் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நடக்க முடியாதவரை மனிதர்களோ மாடுகளோதான் சுமந்து இறக்க வேண்டும். லமுனேயிலிருந்து யுக்சம் வர ஒரு நாளுக்கு மேலாகலாம். ஹெலிகாப்டர் வரும் என்பது திட்டமாகாது. பயணக் காப்பீடு எடுப்போர், அது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் உருளை எங்கே இருக்கும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் யார், ஒருவர் இறங்கினால் உடன் இறங்குபவர் யார் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் பணம் கட்டும் முன்பே பயண நடத்துநரிடமிருந்து விடை பெற வேண்டும். காட்சிமுனை நாளன்று திரும்பும் நேரத்தை முந்தைய மாலையே முடிவுசெய்து, எங்கே நின்றாலும் அந்த நேரத்தில் திரும்ப வேண்டும்.

பூங்காவுக்குரிய மரியாதை

சிக்கிம் மக்களுக்குக் கஞ்சன்ஜங்கா காவல் தெய்வம். 1955-இல் அதில் முதன்முதலாக ஏறிய ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் சிக்கிம் மன்னருக்கு அளித்த வாக்குக்காக உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். சிக்கிம் பக்கமிருந்து அதில் ஏறுவதற்கு 2001 முதல் தடை உள்ளது. சமிதி ஏரியும் புனிதமானது. அதன் கரையில் முகாமிடக்கூடாது, நீரில் இறங்கக்கூடாது.

யுக்சத்தில் 1996 முதல் இயங்கும் கஞ்சன்ஜங்கா பாதுகாப்புக் குழு உள்ளூர் மக்களால் நடத்தப்படுவது. மேலே செல்லும் குழுவின் பிளாஸ்டிக் பொருள்களைப் பட்டியலிட்டு, திரும்பும்போது சரிபார்க்கும் வழக்கத்தை அது கொண்டுவந்தது. உறைகளை வீட்டிலேயே பிரித்து, உணவைப் பலமுறை பயன்படும் டப்பாக்களில் நிரப்பினால் குப்பையே குறைந்துவிடும். மாதவிடாய்ப் பொருள்களுக்கு மணமோ ஒழுகலோ இல்லாத தனி உறை வேண்டும். அவற்றையும் கீழே கொண்டுவர வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில், நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூட வேண்டும்.

வழிகாட்டி, சமையல்காரர், மாடு ஓட்டுபவர் ஆகியோரின் உழைப்பில்தான் இந்தப் பயணம் நடக்கிறது. அவர்களுக்கும் கூடாரமும் போதிய போர்வையும் காப்பீடும் உண்டா என்று கேட்பது குழுவின் கடமை. கூடுதல் நாளுக்கு அவர்களுக்கும் கூலி உண்டு; செலவுக் கணக்கில் அது முதலிலேயே சேர்ந்திருக்க வேண்டும். மிகக் குறைந்த கட்டணம் கேட்கும் நடத்துநர் எதை வெட்டுகிறார் என்று பார்த்தால், பெரும்பாலும் அது ஓய்வு நாளாகவோ பணியாளர் கூலியாகவோ இருக்கும்.

இத்தனை தயாரிப்பிலும் காசு கொடுத்து வாங்கக்கூடியவை எளிதில் கிடைத்துவிடும். இரண்டு நாள் கூடுதல் விடுப்புதான் கடினம். அது கிடைக்காத ஆண்டில் குழு ஜோங்ரி வரை சென்று திரும்பட்டும். கஞ்சன்ஜங்கா அங்கிருந்தும் தெரியும். கோய்ச்சா லாவை விடுப்பு கிடைக்கும் ஆண்டுக்கு ஒத்திவையுங்கள். கூடப் புறப்பட்ட ஒவ்வொருவரும் சொந்தக் காலில் நடந்து யுக்சம் திரும்புவதே வெற்றி. திட்டத்தாளில் முதல் வரியாக ஓய்வு நாள்களை எழுதிவிட்டு, அதன் பிறகு மற்றவற்றை எழுதத் தொடங்குங்கள்.

அன்புடன்,
மலைநடை ஆர்வலர் ஒருவர்